மரத்துப்போகும் முன்: வேலூர் வட்டாரத் தொழிலிடங்களின் அன்றாட ஆபத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், குடியாத்தம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, பிழைப்பு பிரியவில்லை. தோல், ஷூ, பீடி, தீப்பெட்டி, தறி என்று பழைய வடஆற்காட்டுக்காரர்கள் இன்றும் ஒரே வேலைகளைத்தான் பகிர்ந்துகொள்கிறோம். நான் இருபது ஆண்டுகள் தோல் தொழிற்சாலைகளில் இருந்தவன். முதலில் டிரம் ஆள் (தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் பெரிய பீப்பாய்தான் டிரம்), பிறகு சூப்பர்வைசர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு நடக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. முடிந்து டீ குடிக்கும்போதுதான் ஒருவர் மெல்ல அருகில் வந்து ஆரம்பிப்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

எங்கள் பட்டறையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. எங்களுக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

ஆபத்து என்றவுடன் வெடிவிபத்தையும் தீயையும் நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை அவ்வளவு பெரிய காரணங்களால் வந்தவை அல்ல. தரையில் படிந்த கொழுப்பில் வழுக்கியது, மூட்டையை இடுப்பை வளைத்துத் தூக்கியது, வழியில் கிடந்த ஒயர் தடுக்கியது, ஸ்டூலின் மேல் இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறியது. ஐந்தடி உயரத்திலிருந்து தலை தரையில் படும்படி விழுந்தால் அதுவே உயிரைக் கொண்டுபோகப் போதும்.

ஒரு பொருள், ஒரு வேலை, ஓர் இடம் ஆகிய மூன்றில் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நழுவினால், கொட்டினால், திடீரென்று ஓடத் தொடங்கினால் யார் மேல் படும்?" பதிலாக ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்தால் அங்கே ஆபத்து இருக்கிறது.

தினமும் பார்க்கிற இடம்தானே? ஆபத்து இருந்தால் எங்கள் கண்ணில் படாதா?

தினமும் பார்ப்பதால்தான் படுவதில்லை. இதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்யத் தொடங்கினார். நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அவர் கண்டது வேறு. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி குத்தினாலும் கை விலகுவதில்லை. காயத்துக்கு மேல் காயம் பட்டு விரல் போகிறது. மரத்துப்போன கைதான் கெடுகிறது.

தொழிலிடமும் இப்படித்தான் மரத்துப்போகிறது. புதிதாகச் சேர்ந்தவன் முதல் நாள் மூக்கைப் பொத்துகிறான், பத்தாம் நாள் பொத்துவதில்லை. பெல்ட்டுக்கு மூடி இல்லாததைப் பார்த்து முதல் வாரம் ஒதுங்கி நடக்கிறான், மூன்றாம் மாதம் அதன் மேல் துண்டைக் காயப்போடுகிறான். ஆபத்து அப்படியேதான் இருக்கிறது, நம் உணர்வுதான் போய்விட்டது.

திரும்பக் கொண்டுவர நான் செய்து பார்த்த வழிகளைச் சொல்கிறேன். வழக்கமாக முன்வாசல் வழியாக வருகிறீர்கள் என்றால் ஒரு நாள் பின்வாசல் வழியாக நுழைந்து நடந்து பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவரிடம் "இங்கே உனக்கு எது பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள், அவருடைய பயம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சமாளித்து வைத்திருக்கும் இடங்களைத் தேடுங்கள். கயிற்றால் கட்டிய மூடி, கறுத்துப்போன பிளக், ஸ்விட்சில் செருகிய தீக்குச்சி, தோல் சிக்கினால் தள்ளுவதற்கென்று இயந்திரத்தின் பக்கத்திலேயே சாத்தி வைத்திருக்கும் கழி. பழுதுபார்க்காமல் யாரோ சமாளித்திருக்கிறார்கள் என்பதற்கு இவையெல்லாம் சாட்சி. அந்தக் கழி அங்கே இருக்கிறது என்றால் கை உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

கழிவுநீர்த் தொட்டியை இறங்கித்தான் சுத்தம் செய்கிறோம். பல ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை. அதில் என்ன தப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். நம் பகுதியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உயிர்களைக் கொண்டுபோவது இந்தத் தொட்டிதான்.

தோலில் இருக்கும் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறோம். அந்த நீரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். சுண்ணாம்பு நீக்கும்போது டிரம்மைச் சரியாகக் கழுவாமல் அடுத்த மருந்தை, அதாவது ரசாயனத்தை, போட்டாலும் வரும். சுண்ணாம்பு நீரும் அமில நீரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தாலும் வரும். யாரும் எதையும் கலக்காவிட்டாலும், தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்கள் அதே வாயுவை உருவாக்கிக்கொண்டே இருக்கும். அது சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் தொட்டி அமைதியாகத் தெரியும். இறங்கியவர் காலை வைத்துச் சேற்றைக் கலக்கியவுடன், மண்வெட்டியைப் போட்டவுடன் மொத்தமாக வெளியேறும். "நேற்று இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சு அதனால்தான் செல்லாது. நேற்றைய சேறு வேறு, இன்றைய சேறு வேறு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குனிந்து வேலை செய்பவரின் மூக்கு இருக்கும் உயரமும் அதுதான்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏறிவிடுவோமே?

இந்த வாயு மிகக் குறைந்த அளவிலேயே நாறும், உண்மைதான். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை எட்டும்போது சில நிமிடங்களிலேயே முகரும் நரம்பு செயலிழந்துவிடும். நாற்றம் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் "வாயு போய்விட்டது" என்று நினைப்பார். உண்மையில் அது கூடியிருக்கும். இன்னும் சில மடங்கு ஏறினால் மயக்கம், 1000 பங்கை எட்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே சாய்ந்துவிடுவார். ஏணியில் கை வைக்க நேரம் இருக்காது. மூக்கை நம்பி இறங்காதீர்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும், விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவதும் கூடவே கூடாது. இந்த வாயு எரியக்கூடியது, மீத்தேனும் சேர்ந்திருக்கும்.

அளக்கும் கருவி மட்டுமே பேசட்டும். ஆக்சிஜன் குறைந்தது 19.5 சதவீதம் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 10 பங்குக்குள் இருக்க வேண்டும். மேலே, நடுவே, அடியே என்று மூன்று உயரங்களில் அளக்க வேண்டும். வேலை நடக்கும்போதும் விடாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு முன்பே காற்று ஊதும் விசிறியைக் குழாயோடு அடிவரை இறக்கி ஓட்டியிருக்க வேண்டும். இறங்குபவரின் உடம்பில் முழுஉடல் வார்ப்பட்டை, அதிலிருந்து வெளியே வரும் கயிறு, கயிற்றின் முனையில் வேறு எந்த வேலையும் பார்க்காத ஓர் ஆள். இத்தனையும் இல்லையென்றால் தொட்டிக்குள் மனிதர் இறங்கக் கூடாது. உறிஞ்சும் லாரியை வரவழைக்க வேண்டும். லாரிக்கு ஆகும் செலவைச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தொட்டியில் இறந்தவரின் வீட்டுக்கு என்னோடு ஒருமுறை வரச் சொல்வேன்.

கழிவறைத் தொட்டியிலும் சாக்கடையிலும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். காப்பாற்ற இறங்காமல் எப்படி நிற்பது?

நிற்க வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இந்த விபத்துகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறப்பவர்கள் காப்பாற்றப் போனவர்கள். அண்ணன் விழுந்தால் தம்பி குதிப்பான், மாமன் விழுந்தால் மருமகன் குதிப்பான். குதித்தவன் விழுந்தவனைத் தொடுவதற்குள் அவனும் சாய்ந்துவிடுவான்.

கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுங்கள். கட்டவில்லை என்றால் விசிறியை உள்ளே ஊதவிட்டு 101க்கும் 108க்கும் அழையுங்கள். "விஷவாயு, தொட்டிக்குள் ஆள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அப்போதுதான் தீயணைப்புத் துறையினர் சுவாசக் கருவியோடு வருவார்கள். ஒருவரைச் சாலை முனைக்கு அனுப்பி வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். மற்ற இரண்டு பேருக்கு ஒரே வேலை: குதிக்கத் துடிப்பவரைப் பிடித்து வைத்துக்கொள்வது.

இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைக்குள்ளேயே படுத்துக்கொள்கிறோம். வேலை நேரம் இல்லையே, அதில் ஆபத்து உண்டா?

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் நடந்ததை மறக்கக் கூடாது. தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. சேறு பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் எட்டாது. படுக்கும் இடம் வேலையிடத்திலிருந்து தனியாக, தொட்டிக்கும் கொதிகலனுக்கும் மருந்துக் கிடங்குக்கும் தூரமாக, இரண்டு வாசலோடு இருக்க வேண்டும். சுவரில் ஈரம் கசிவதும், விரிசல் நாளுக்கு நாள் நீள்வதும் சுவர் தரும் செய்தி. பென்சிலால் விரிசலின் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்தச் சுவரின் பக்கம் யாரும் படுக்கக் கூடாது. எழுத்தில் புகார் கொடுங்கள்.

டிரம்மையும், தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டும் பிளஷிங் மெஷினையும் நிறுத்திவிட்டுத்தான் கை வைக்கிறோம். அது போதாதா?

நிறுத்துவது போதாது, யாரும் ஓட்ட முடியாதபடி செய்ய வேண்டும். நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு தொழிற்சாலையில் ஒருவர் டிரம்முக்குள் இறங்கித் தோலை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த இன்னொருவருக்கு அது தெரியாது. டிரம் சும்மா நிற்கிறது என்று ஸ்விட்சைப் போட்டார். டிரம் கால்வாசி திரும்புவதற்குள் யாரோ கத்தினார்கள், நின்றது. உள்ளே இருந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவர் வெளியே வந்தபோது உடம்பெல்லாம் குரோம் போட்ட தோலின் நீலம் ஒட்டியிருந்தது, நடுங்கிக்கொண்டே, "என் செருப்பு வெளியேதானே கிடந்தது, பார்க்கவில்லையா?" என்று கேட்டார். வெளியே கிடந்த ஒரு ஜோடி செருப்பு மட்டுமே அவருடைய பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

மறுநாளே நான் செய்தது: மெயின் ஸ்விட்சுக்கு ஒரு பூட்டு. உள்ளே போகிறவர் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போவார். வெளியே வந்தபின் அவரே திறப்பார். மேஸ்திரியிடம் மாற்றுச் சாவி கிடையாது. பூட்டு மாட்ட முடியாத பழைய ஸ்விட்ச் என்றால் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

பிளஷிங், தோலைச் சீவும் ஷேவிங், தோலை அடுக்காகப் பிளக்கும் ஸ்பிளிட்டிங் இயந்திரங்களில் உருளைகள் உள்நோக்கி இழுப்பவை. விரல் மாட்டினால் இழுக்க இழுக்க உள்ளேதான் போகும். அவசர நிறுத்தக் கம்பி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று ஷிப்ட் தொடங்கும்போது ஒருமுறை தட்டிப் பாருங்கள். துப்பட்டா, முந்தானை, தாலிச் சரடு, முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத நுனி, பின்னலின் முனை ஆகியவை சுழலும் தண்டில் ஒருமுறை சுற்றினால் உடம்பையே இழுத்துவிடும். தலைமுடியைக் கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் வைப்பதே நல்லது. ஷூ கம்பெனியில் தோலை அச்சு வைத்து வெட்டும் கிளிக்கிங் மெஷினில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் அடி விழும்படி அமைத்திருப்பார்கள். வேகத்துக்காக ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த டேப்பைப் பார்த்தால் அங்கேயே கிழித்துப் போடுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் உடனே என்ன செய்வது?

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. தண்ணீரிலும் மூழ்கக் கூடாது. மஞ்சள், காபித்தூள், டீத்தூள் எதுவும் வேண்டாம். தாமதிக்காமல் கிளம்புங்கள், கை அறுவைசிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர் நம்முடையது.

அமிலம், சுண்ணாம்பு, மருந்துகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், நாம் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று நினைத்துவிடுகிறோம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக அரிக்கும். கழுவிய பின் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

நான் மிகவும் பயப்படுவது தண்ணீர் பாட்டிலைத்தான். பெரிய கேனிலிருந்து கொஞ்சம் அமிலத்தைப் பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றிச் சன்னலில் வைத்துவிட்டுப் போவார்கள். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தோடு வருகிறவர் எடுத்துக் குடித்துவிடுவார். குடிநீர் பாட்டிலில் வேறு எதையும் ஊற்றக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. அப்படி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது அரித்தது ஏறும்போதும் அரிக்கும்.

ஷூ கம்பெனியில் சொல்யூஷன் ஒட்டும் வேலை. மாலையில் தலை வலிக்கிறது. சாதாரணம்தானா?

எல்லோருக்கும் வருகிறது என்பதால் அது சாதாரணம் ஆகிவிடாது. ஒட்டும் சொல்யூஷனில் டொலுவீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, எரிச்சலான குணம் ஆகியவை முதல் அறிகுறிகள். ஹெக்சேன் மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் கால்விரல் நுனியிலிருந்து மரத்துப்போகத் தொடங்கும். பிறகு விரல்நுனி, அதன் பின் பிடிப்பில் பலம் குறையும். செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நடந்தேன் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லச் சொன்னேன். வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "சத்துக்குறைவு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட அப்போது வாய்ப்பு குறையும்.

இந்த ஆவியும் காற்றைவிடக் கனம். தலைக்கு மேல் ஓடும் ஃபேன் அதை எல்லோர் மூக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். மேசை மட்டத்தில் உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும். சொல்யூஷன் டப்பாவின் மூடியில் பிரஷ் நுழையும் அளவுக்கு மட்டும் துளை வைத்தாலே ஆவி வெகுவாகக் குறையும். இதற்குச் செலவே இல்லை. கையில் ஒட்டியதைத் தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள், தோல் வழியாகவும் உள்ளே போகும். இந்த ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தொலைவில் இருக்கும் ஒரு பொறியைத் தேடிப் பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். சொல்யூஷன் அறையில் செல்போன் சார்ஜ் போடுவது, சாப்பாடு சூடு செய்வது இரண்டும் கூடாது.

மாஸ்க், கையுறை கொடுத்துவிட்டோம். அது போதும்தானே?

ஒரு முதலாளி கேட்ட கேள்வி. போதாது. மாஸ்க் கடைசி வேலி. முதலில் அந்த மருந்து இல்லாமல் வேலை நடக்குமா என்று பார்க்க வேண்டும். பிறகு குறைந்த கேடுள்ள மருந்து. பிறகு மூடி, உறிஞ்சும் குழாய். பிறகு அங்கே நிற்கும் நேரத்தைக் குறைப்பது. மாஸ்க் அதற்கும் பிறகுதான். துணி மாஸ்க் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வாயுவைத் தடுக்கவே தடுக்காது. சுழலும் இயந்திரத்தில் தொளதொளப்பான கையுறை போட்டால் அந்தக் கையுறையே கையை உள்ளே இழுக்கும்.

மின்சாரத்தில்?

ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட ஒயர் கிடக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழவில்லை என்றால் அது இருந்தும் பயனில்லை. அடிபட்டவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள்.

வேலூர் வெயில் நமக்குப் பழக்கம்தானே?

பழக்கம்தான். ஆனால் கத்திரி வெயிலில் 42 டிகிரிக்கு மேல் போகும்போது, தகரக் கூரைக்கு அடியில், ரப்பர் ஏப்ரன் கட்டிய உடம்பு வியர்வையால் குளிர முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவரும் புதியவர் போலத்தான்; முதல் வாரம் அவருக்குப் பாதி வேலை கொடுங்கள். பேச்சுக் குழறி, சொன்னது புரியாமல் விழித்தால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்கு அழையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. பெண்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, போனால் மேஸ்திரி நேரம் எண்ணுகிறார், அதனால் குடிப்பதில்லை. சிறுநீரகக் கல், சிறுநீர்த் தொற்று, வெயில் மயக்கம் எல்லாம் அந்தத் தாழ்ப்பாளிலிருந்து தொடங்குகின்றன. நூறு ரூபாய்த் தாழ்ப்பாள் அது.

வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன். இதுவும் வேலையிடமா?

வீடுதான் உங்கள் வேலையிடம் அம்மா. புகையிலைத் தூள் காற்றில் மிதக்கும்; தோல் வழியாகவும் நிகோடின் ஏறும். தட்டைச் சன்னல் பக்கம் வைத்துச் சுற்றுங்கள், சமைக்கும் இடத்திலும் தொட்டிலுக்குப் பக்கத்திலும் வேண்டாம். குழந்தையைத் தூக்கும் முன், சோறு பிசையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து முதுகை நிமிர்த்துங்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். குடியாத்தத்துத் தீப்பெட்டி வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: தீக்குச்சி மருந்து உரசலுக்குப் பற்றும். சிந்தியதைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறேன். கால் நரம்பு சுருண்டு நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இருக்கை கேட்பது உங்கள் உரிமை. ஆள் இல்லாத நேரத்தில் உட்காருங்கள்.

ஆபத்து என்று சொன்னால் வேலை போய்விடுமே?

இந்தப் பயத்தைச் சின்னதாக நினைப்பவன் நான் அல்ல. வாரச் சம்பளத்தில் வாழ்பவரிடம் "தைரியமாகப் பேசு" என்று சொல்வது எனக்குச் சுலபம். அதனால் வழியைச் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள். "இங்கே பாதுகாப்பே இல்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "மூன்றாம் நம்பர் டிரம்மின் பெல்ட்டுக்கு மூடி இல்லை, திங்கட்கிழமைக்குள் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். சொன்ன தேதியைக் குறித்துவையுங்கள். நடக்கவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் இல்லையென்றால் வேலூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம்.

இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் அந்தச் சட்டம் இன்னும் வலுவானது; உடனடி ஆபத்து இருந்தால் அதைச் சுட்டிக்காட்டத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பது அப்போதுதான் அதில் சேர்ந்தது. அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிய சட்டப்படி உங்களுக்குப் பணி நியமனக் கடிதம் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள், விபத்து நடந்தால் "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

முதலாளிகளிடம் நான் சொல்வது வேறு. கேடு நேரும் என்று தெரிந்தால் முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் அறிவித்தது. அது எந்த வழக்கு தெரியுமா? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுநீர் பற்றியது. நாட்டுக்கே அந்தக் கொள்கையைக் கொடுத்த ஊரில் ஒரு பெல்ட் மூடிக்கு யோசிக்கலாமா?

அடிபட்டால் செலவை யார் ஏற்பது?

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தால் கவலை குறைவு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். வேலை காரணமான காயத்துக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. சிகிச்சை இலவசம், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நடந்த விபத்தும் இதில் அடங்கும். நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விபத்தை அன்றே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் வாரச் செலவை அவர் பார்ப்பார். மடங்காத விரலோடு நீங்கள் வாழப்போவது முப்பது ஆண்டுகள்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தமிழில் எழுதிய பலகையைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது சொல்லிக் கொடுத்தது ஆகாது. கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் செய்து காட்டுங்கள், பிறகு அவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் மொழியில் நான்கு சொற்களை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்: நிறுத்து, வெளியே வா, தொடாதே, விஷம். நான் இந்தியில் அவற்றைக் கற்றது ஒரு பீகார்ப் பையனிடம். பத்தொன்பது வயது. முதல் நாள் வகுப்பு முடிந்ததும் அவனிடம் பூட்டையும் சாவியையும் கொடுத்து டிரம்மைக் காட்டினேன். அவன் பூட்டினான், இழுத்துப் பார்த்தான், சாவியைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.